தேஸேயில் மூன்று மாதம்: தொண்டுக்குப் போகிறவர் ஜெபத்தையும் குறிப்பேட்டையும் காத்துக்கொள்ளும் முறை

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி என்ற பழைய மடாலய ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில், ஒரு குன்றின்மேல் இருக்கிறது தேஸே. 1940 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரோஜர் என்ற 25 வயது இளைஞர் இங்கே ஒரு வீடு வாங்கி, போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களை, அவர்களில் யூதர்களையும், மறைத்து வைத்தார். 1949 ஈஸ்டரில் ஏழு பேர் சேர்ந்து வாழ்நாள் வாக்குக் கொடுத்தார்கள். கத்தோலிக்கரும் பல புராட்டஸ்டண்ட் சபையாரும் ஒரே குடும்பமாக வாழும் துறவிகள் சமூகம் இப்படித்தான் தொடங்கியது. 1985 இறுதியில் இந்தச் சமூகம் சென்னையிலேயே பன்னாட்டு இளைஞர் கூட்டம் ஒன்றை நடத்தியது. அதனால் நம் ஊர்ச் சபைகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல.

ஞாயிறுதோறும் பல நாட்டு இளைஞர்கள் ஒரு வாரம் தங்க வந்து இறங்குவார்கள். கோடையில் ஆயிரக்கணக்கில் வருவார்கள். சமைப்பது, பரிமாறுவது, கழிப்பறை கழுவுவது, இரவில் வருகிறவர்களுக்குப் படுக்கை காட்டுவது எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தங்கும் தன்னார்வலர்கள்தான் நின்று நடத்துகிறார்கள். ஆசிய நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அப்படித் தங்க அழைக்கப்படுகிறார்கள். மூன்று மாத அளவில் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். விசுவாசம் வளரும் என்று நம்பித்தான் எல்லோரும் போகிறார்கள். பலருக்கு ஐந்தாம் வாரத்தில் அது வறண்டு போகிறது. எதனால் அப்படி ஆகிறது, அதற்கு என்ன செய்யலாம், எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்கிறோம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் சமூகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். உங்களைத் தெரிந்த பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவருடைய பரிந்துரைக் கடிதம் தேவைப்படலாம். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது உங்களை ஏற்றுக்கொள்ள ஊரில் ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பது.

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க விடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மூன்று மாதம்தானே என்று ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை டிக்கெட் போட்டால் 92 நாள் ஆகிவிடும். மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் இந்த 90 நாள் வரம்பு அவர்களுக்கும் உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதிலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பயண நோக்கத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு, தூதரகத்தில் கேட்கும்போது தொண்டு என்று சொல்லாதீர்கள். அழைப்புக் கடிதத்தை இணைத்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஜெபத்துக்காகப் போகிற பயணம் பொய்யில் தொடங்க வேண்டாம்.

பையில் நான்கு பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஒன்று, கோடு போட்ட 200 பக்கக் குறிப்பேடு, சட்டைப்பையைவிடச் சற்றுப் பெரியது, கெட்டி அட்டை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வீதம் 90 நாளுக்கு 180 பக்கம் போக, 20 பக்கம் மாதச் சுருக்கத்துக்கு மிச்சமிருக்கும். இரண்டு, தமிழ் வேதாகமம் அச்சுப் பிரதியாக. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமானாலும் சரி, பழைய மொழிபெயர்ப்பானாலும் சரி, வீட்டில் வாசித்துப் பழகியதையே எடுத்துச் செல்லுங்கள். பிரெஞ்சு வழிபாட்டு நூல்களில் சங்கீத எண் நம்முடையதைவிடப் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். நாம் 23 என்பது அங்கே 22. இது தெரியாமல் தவறான சங்கீதத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. மூன்று, தடித்த கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. தேவாலயத்தில் பெரும்பாலோர் தரையில்தான் உட்காருகிறார்கள். தரையில் உட்காருவது நமக்குப் பழக்கம்தான், குளிர்ந்த தரை பழக்கமில்லை. நான்கு, இட்லிப்பொடியோ பருப்புப்பொடியோ கால் கிலோ. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் வேண்டாம். இறைச்சியும் பால்பொருளும் பயணிகள் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விசுவாசம் பற்றிய கட்டுரையில் இட்லிப்பொடி எதற்கு என்று தோன்றலாம். அங்கே உணவு மிக எளிமை. காலையில் ரொட்டி, வெண்ணெய், சிறு சாக்லேட் துண்டு, கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் தேநீர். மற்ற வேளைகளில் எதைச் சாப்பிடவும் ஒரே ஒரு கரண்டி. மூன்றாம் வாரத்தில் காரம் கேட்டு நாக்கு ஏங்கும், எரிச்சல் வரும், அந்த எரிச்சலோடு ஜெபத்தில் உட்கார்ந்து ‘ஆண்டவர் என்னைவிட்டுத் தூரமாகிவிட்டார்’ என்று எழுதுவார்கள். பசி, தூக்கம், குளிர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஆன்மாவைப் பற்றிய முடிவுக்கு வர வேண்டும்.

போகும் முன் யோசித்து வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: நற்கருணை. பல சபையார் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்தில், யாரிடமிருந்து எதைப் பெறுவது என்ற கேள்வி முதல் ஞாயிறே வரும். அங்கே வைத்து அவசரத்தில் முடிவெடுக்காமல், உங்கள் சபையின் ஒழுங்கு என்ன என்பதை உங்கள் குருவிடம் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெறாதவர்களுக்கு ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டி தனியாகத் தரப்படுவதுண்டு. தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றாக இணைந்து பிறந்த சபை அது. சபைகளின் ஒற்றுமையைத் தேடி வரும் ஐரோப்பிய இளைஞருக்கு இது பெரிய செய்தி. சொல்லுங்கள்.

‘இந்தியரா? எப்போது கிறிஸ்தவரானீர்கள்?’ என்ற கேள்வி வாரத்துக்குப் பத்துத் தடவை வரும். கோபப்படாமல் சொல்ல எளிய ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தயாராக இருக்கட்டும். தோமாவின் நினைவைப் போற்றும் மலை சென்னையில் இருக்கிறது, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்தார், தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706-இல் இறங்கினார், தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகிவிட்டது. ஐந்தாவதாக உங்கள் குடும்பத்தின் கதை ஒரு வாக்கியம். இவ்வளவு போதும்.

நாளின் சட்டகம்

வாரநாள்களில் காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30 என்று மூன்று வேளை பொது ஜெபம். ஞாயிறு காலை 10 மணிக்கு நற்கருணை வழிபாடு. மணி அடித்ததும் வேலையை அப்படியே விட்டுப் போக வேண்டும். வெள்ளி இரவு ஐகான் எனப்படும் சிலுவை ஓவியத்தைத் தரையில் கிடத்தி, ஒவ்வொருவராக வந்து அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். சனி இரவு கையில் மெழுகுவத்தியோடு உயிர்ப்பைக் கொண்டாடும் ஜெபம்.

முதல் இரண்டு வாரம் எல்லாவற்றுக்கும் கண்ணீர் வரும். அந்த உணர்ச்சியை மறுக்க வேண்டாம், அதன்மேல் கட்டவும் வேண்டாம். ஆறாம் வாரத்தில் அதே பாட்டு எதையும் அசைக்காது. அன்றைக்கும் 8.15க்குப் போய் உட்காரும் பழக்கம் முதல் வாரத்திலேயே உறுதிப்பட்டிருக்க வேண்டும். சமையலறைப் பொறுப்பில் இருப்பவர் ‘பாத்திரம் இன்னும் இருக்கிறதே’ என்று மதிய ஜெபத்தைத் தவிர்க்கத் தொடங்குவார். மறுநாளும் பாத்திரம் இருக்கும். வேலை அட்டவணை ஜெபத்தை விழுங்கினால் குழுப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றால் மூன்று வாரம் போயிருக்கும்.

ஒவ்வொரு ஜெபத்தின் நடுவிலும் 5 முதல் 10 நிமிடம் வரை முழு மௌனம் வரும். பாட்டும் கைத்தட்டலும் நிறைந்த ஆராதனையில் வளர்ந்தவருக்கு இதுதான் கடினமான பகுதி. வழி இது: மௌனத்துக்குச் சற்று முன் வாசிக்கப்படும் வேதப்பகுதியிலிருந்து ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசிப்பு பல மொழிகளில் வரும் என்பதால், அன்றைய பகுதி எது என்று முன்பே பார்த்துத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். முதுகை நிமிர்த்தி, முட்டி வலித்தால் சிறு ஜெபப் பலகையைக் காலுக்கு மேல் வைத்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போகும்போது சொற்றொடரின் முதல் பாதி, வெளியே வரும்போது மறுபாதி. மனம் சமையலறைக்கு ஓடிவிட்டால் திட்டிக்கொள்ளாமல் சொற்றொடருக்குத் திரும்புங்கள். ஒரு மௌனத்தில் முப்பது தடவை திரும்பினாலும் அது ஜெபம்தான்.

தூங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. இரவு வேலை முடிந்து ஐந்து மணி நேரம் தூங்கியவர் கண்ணை மூடினால் வேறென்ன ஆகும். அத்தகைய நாளில் கண்ணைத் திறந்தபடி முன்னால் எரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேறொரு கோளாறு, பாட்டின் பொருள் தெரியாமல் பாடுவது. பாடல்கள் லத்தீன், ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ் என்று பல மொழிகளில், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். வாரம் ஐந்து பாடலுக்கு ஐந்து வரி என்று தமிழ்ப் பொருளைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தால், பொருள் நெஞ்சில் இறங்கும்.

குறிப்பேடு

ஒவ்வொரு நாளையும் ஜெபத்தில் திரும்பிப் பார்க்கும் அன்றாட ஆய்வுக்கு, சேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த ஐந்து படிகளைவிடச் சிறந்த முறை எங்களுக்குத் தெரியாது. அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் தந்தார். சேசு சபையாருக்கு மட்டும் உரியதல்ல அது, எந்தச் சபையாரும் செய்யலாம். மொத்தம் 15 நிமிடம்.

1. நன்றி, 2 நிமிடம். இன்று கிடைத்தவற்றில் இரண்டைப் பெயர் சொல்லி நினையுங்கள். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்பது கணக்கில் வராது.
2. வெளிச்சம் கேட்பது, 1 நிமிடம். நான் பார்க்க விரும்பாததையும் காட்டும் என்று ஒரு வரி ஜெபம்.
3. நாளைத் திரும்பப் பார்ப்பது, 6 நிமிடம். எழுந்ததிலிருந்து மணிவாரியாக. எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது, யாரிடம் குரல் உயர்ந்தது.
4. மன்னிப்பு, 3 நிமிடம். செய்த தவறு ஒன்று. அதற்கு மனிதரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இருந்தால் நாளைக்கான வேலையாக எழுதுங்கள்.
5. நாளை, 3 நிமிடம். ஒரே ஒரு சிறு தீர்மானம், நேரத்தோடும் இடத்தோடும்.

படுக்கையில் செய்யலாம் என்று ஒத்திவைத்தால் இரண்டாவது படியில் தூங்கிவிடுவீர்கள். இரவு ஜெபம் முடிந்ததும் பலர் பாடிக்கொண்டே உள்ளே இருப்பார்கள். எழுந்து போகாமல் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து ஐந்து படியையும் முடித்துவிட்டு, அறைக்குப் போய் எழுதுங்கள்.

இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன வேலை, யாரோடு, என்ன வாசித்தோம். வலப்பக்கத்தில் அது உள்ளே என்ன செய்தது என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தால்தான் நாலு மாதம் கழித்துப் படிக்கும்போது நிகழ்ச்சி எது, நீங்கள் அதற்குக் கொடுத்த பொருள் எது என்று பிரித்தறிய முடியும். தமிழில் எழுதுங்கள். பகல் முழுக்க உடைந்த ஆங்கிலம் பேசும் ஒருவர் இரவில் ஆங்கிலத்திலேயே எழுதினால், ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததை மட்டும்தான் உணர்ந்ததாக எழுதுவார்.

‘மறக்க முடியாத அனுபவம்’, ‘தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன்’, ‘பல பாடங்களைக் கற்றேன்’ போன்ற தொடர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை பொய்யல்ல, ஆனால் ஆறு மாதம் கழித்து அவற்றிலிருந்து எதுவும் திரும்பக் கிடைக்காது. ‘இன்று கழிப்பறை கழுவும்போது தாழ்மையைக் கற்றேன்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘கழிப்பறை வேலை என்று அட்டவணையில் பார்த்ததும், நம் ஊரில் இதை யார் செய்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. என் பெயர் அதில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாணவி பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தாள்’ என்று எழுதினால் அதில் ஜெபிக்க இடம் இருக்கிறது. சாதி நம் உள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டித்தரும் வேலைகளில் இது ஒன்று. அங்கே அது எல்லோருக்கும் முறைவைத்து வரும் சாதாரண வேலை. அந்தக் கூச்சத்தை மழுப்பாமல் எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை, வியாழன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு நாள் பக்கங்களையும் திருப்பிப் படித்து, இரண்டு முறைக்கு மேல் வருவதற்கு அடிக்கோடிடுங்கள். ஒரே ஆளோடு மூன்று தடவை உரசலா, ஒரே சங்கீதம் மூன்று தடவை தேறுதலா என்பது அப்போதுதான் தெரியும். சனி, ஞாயிறு வேண்டாம். போகிறவர்களும் வருகிறவர்களுமாக வாரத்தின் மிகக் கடுமையான வேலை அந்த இரண்டு நாளில்தான்.

வறட்சி வரும்போது

தேஸேயில் தன்னார்வலரைச் சோர்வடையச் செய்வது வேலையைவிட விடைபெறுதல்தான். வாரந்தோறும் புதிய முகங்கள், நான்காம் நாள் மனம்விட்டுப் பேச்சு, எட்டாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் கட்டியணைப்பு. பத்து வாரத்தில் பத்துத் தடவை. சிலர் ஐந்தாவது வாரத்தில் புதியவர்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். அது கர்வம் என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள், உண்மையில் அது களைப்பு. எல்லோருக்கும் கடிதம் எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். மற்றவர்களை ஞாயிறு காலை வழிபாட்டில் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாம் முறை வருந்தாமல் இருக்கப் பழகுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு வெளிச்சக் குறைவும் சேரும். டிசம்பர் கடைசியில் காலை ஜெபம் தொடங்கும் நேரத்துக்குத்தான் அங்கே பொழுது விடிகிறது, மாலை 5 மணிக்கு முன் சூரியன் மறைந்துவிடும். நம் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் நட்சத்திரம், தெருத்தெருவாகக் கீதம் பாடும் குழு. அங்கே அமைதி. புனித வெள்ளி பிரான்சின் பெரும்பகுதியில் விடுமுறைகூடக் கிடையாது. பண்டிகை நாள்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அன்றைக்கு என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்: ஒரு தமிழ்க் கீதத்தை அறையில் பாடுவது, வீட்டுக்கு முழு அரைமணி நேரம் பேசுவது. பேசும் நேரம் கணக்கிட்டு வையுங்கள். கோடையில் நாம் பிரான்சைவிட மூன்றரை மணி முன்னால், குளிர்காலத்தில் நான்கரை மணி. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். இரவு ஜெபம் முடிந்து பேசலாம் என்றால் ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். பிரான்சில் மதியம் 2 மணி சரியான நேரம், ஊரில் அம்மா மாலைத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். தினமும் பேச வேண்டாம், வாரம் இரண்டு முறை போதும். தினமும் பேசுகிறவர் உடலால் பிரான்சிலும் மனத்தால் வீட்டிலுமாக இரண்டு இடத்திலும் அரைகுறையாக இருப்பார்.

உள்ளம் இருண்டிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் தரும் விதி. இது மிக நடைமுறையானது. பாதியில் திரும்பிவிடலாமா, குருமடத்தில் சேர்ந்துவிடலாமா, நிச்சயித்த திருமணத்தை நிறுத்திவிடலாமா என்ற பெரிய முடிவுகளெல்லாம் அந்த வாரங்களில்தான் மனத்தில் எழும். எழுதுங்கள், தேதி போடுங்கள், பேசுங்கள். ஆனால் மனம் தெளியும்வரை எதையும் அனுப்பாதீர்கள், ரத்து செய்யாதீர்கள். அவர் இன்னொன்றும் சொல்கிறார்: வறட்சியில் ஜெப நேரத்தைக் குறைக்காமல் சற்றே கூட்ட வேண்டும். 15 நிமிடம் என்றால் 16.

வறட்சியும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருப்பதில் என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது கூடுதல் ஜெபத்தால் தீர்க்க வேண்டிய விஷயமல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிரான்சில் 3114 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு உதவி இரவும் பகலும் கிடைக்கும். அவசரத்துக்கு ஐரோப்பா முழுதும் 112.

யாரிடம் பேசுவது

தங்கும் தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் பேசுவதற்கு ஒரு சகோதரரோ, பெண்களுக்கு அருகில் வாழும் புனித அந்திரேயா சபைச் சகோதரி ஒருவரோ இருப்பார். போகும்போது குறிப்பேட்டைக் கையில் கொடுக்காதீர்கள், அது உங்களுடையது. வாரப் படிப்பில் அடிக்கோடிட்ட இரண்டு விஷயத்தை மட்டும் கொண்டு போங்கள். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது ஃபாதர்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவருவது நம்மில் பலருக்கு மரியாதையாகப் பழகிவிட்டது. பெரியவர் நேரத்தை வீணாக்கக்கூடாது என்ற அந்த எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள், அவர் உட்கார்ந்திருப்பதே இதற்காகத்தான்.

எல்லை உங்களுக்கு உண்டு. ஆன்மிகத் துணை என்ற பெயரில் ரகசியம் காக்கச் சொல்லவோ, உடலைத் தொடவோ, பேசும்படி கட்டாயப்படுத்தவோ யாருக்கும் உரிமையில்லை. கடந்த காலத்தில் சகோதரர்கள் சிலர் பாலியல் அத்துமீறல் செய்ததாக வந்த குற்றச்சாட்டுகளை 2019-இல் தேஸே சமூகமே பகிரங்கமாக அறிவித்தது. புனிதமான இடம் என்பதால் விழிப்பைக் கைவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். புகார் சொல்ல வேண்டிய ஆள் யார், சமூகத்துக்கு வெளியே யாரிடம் போகலாம் என்று முதல் வாரமே கேட்டு, குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அந்த ஊரில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் வாரந்தோறும் வருகிறார்கள். அவர்களில் ஒருவரோடு நீங்கள் தனியறையில் இருக்கக்கூடாது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

ஊருக்கு எழுதுவது

மாதம் ஒரு கடிதம், நானூறு முதல் ஐந்நூறு சொல். பங்கு இளையோர் குழுவுக்கோ சபைச் செய்திமடலுக்கோ. இதற்கும் அன்றாடக் குறிப்பேட்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். இரவு எழுதியதை இரவே பகிர்ந்தால், மறுநாளிலிருந்து பகிர்வதற்காகவே எழுதத் தொடங்குவீர்கள். நான்காம் படியான மன்னிப்புப் பகுதி முதலில் காணாமல் போகும்.

மற்றவர்கள் உங்களிடம் சொன்ன துயரத்தைக் கடிதத்தில் போடாதீர்கள், பெயரை மாற்றியும் போடாதீர்கள். நாடு, வயது, வாரம் மூன்றும் இருந்தால் அந்த வாரம் வந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பொது ஜெபத்தில் படம் எடுக்கக் கூடாது. வெளியே எடுக்கும்போதும், பிரான்சில் ஒருவருடைய படத்தை அவர் சம்மதமின்றி வெளியிட முடியாது, பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சமூகத்தின் பெயரால் ஊரில் பணம் திரட்டாதீர்கள். சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடையே வாங்குவதில்லை, மண்பாண்டம் செய்தும் நூல் வெளியிட்டும் தங்கள் உழைப்பில் வாழ்கிறார்கள். ‘ஐரோப்பாவில் விசுவாசம் செத்துவிட்டது’ போன்ற வரியும் வேண்டாம். அங்கே நீங்கள் பார்ப்பது ஒரு குன்று, அதில் ஒரு பருவம்.

திரும்பியபின்

முதல் மாதத்தில் உங்கள் ஊர் வழிபாடு சத்தமாகவும் நீளமாகவும் தெரியும். ஒலிபெருக்கி எரிச்சல் தரும். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். தன்னைச் சுற்றி ஓர் இயக்கத்தைத் தேஸே வளர்ப்பதில்லை. வருகிறவர்களை அவரவர் சபைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் முதல் மூன்று ஞாயிறு வெறுமனே போய் உட்கார்ந்து, முன்பு செய்துவந்த பழைய பொறுப்பு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பெடுத்தவர் வகுப்பெடுக்கட்டும், பாய் விரித்தவர் பாய் விரிக்கட்டும்.

பங்கில் பேசச் சொன்னால் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். படம் பத்துக்கு மேல் வேண்டாம். குறிப்பேட்டிலிருந்து ஒரு நல்ல நாளும் ஒரு வறண்ட நாளும் வாசித்தால், கேட்டுக்கொண்டிருக்கும் இளையோர் வந்து தங்கள் வறட்சியைச் சொல்வார்கள்.

மூன்று மாதம் கழித்து, அதே முறையில் ஜெபம் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் வையுங்கள். ஒரு மணி நேரம், மாலையில், மின்விளக்கைக் குறைத்து. தரையில் பாய், முதியவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி. எளிய பாடல் ஐந்து அல்லது ஆறு, அவற்றில் பாதியாவது தமிழில். பாடல்களுக்குப் பதிப்புரிமை உண்டு, தாள் அச்சடிக்கும் முன் எழுதி அனுமதி கேளுங்கள். ஒரு சங்கீதம், ஒரு சிறு வாசகம், பிரசங்கம் கிடையாது. வாசகத்துக்குப் பின் மௌனம். முதல் தடவை 4 நிமிடம் போதும், மாதம் ஒரு நிமிடம் கூட்டி 8-இல் நிறுத்துங்கள். மௌனத்தைத் தொடங்கி முடிக்கும் பொறுப்பு கடிகாரம் வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும். பொறுப்பாளர் இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது பாடத் தொடங்கிவிடுவார்கள். மெழுகுவத்தியைத் திரைச்சீலையிலிருந்து கையெட்டாத தூரத்தில், மணல் நிரப்பிய தட்டில் வையுங்கள். அழைப்பைக் கத்தோலிக்கப் பங்குக்கும் பக்கத்துத் தெருவின் சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களுக்கும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள், நேரில் போய்.